250 கிராம் 650 ரூபாய்: ஏற்காட்டுக் காபிக்கு அவ்வளவு கொடுக்கலாமா?

ஏற்காட்டில் ஏரிக்கரையை ஒரு சுற்று வந்தாலே இரண்டு வகைக் காபி கண்ணில் படும். மிளகும் கிராம்பும் கட்டித் தொங்கும் கடைகளில் பளபளக்கும் பாலிதீன் கவரில் பொடி. கொஞ்சம் தள்ளி, கண்ணாடிக் கதவு வைத்த கடையில் கெட்டித் தாள் பை. அதன் நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி ஒரு வால்வு, முதுகில் தோட்டத்தின் உயரம், செடியின் ரகம், வறுத்த தேதி. முதலாவது 250 கிராம் 220 ரூபாய், இரண்டாவது 650 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். விலை மாதத்துக்கு மாதம் மாறும். 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா வகைக் காபிக் கொட்டை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அதனால் உங்கள் கடை விலையைப் போட்டே கணக்கைப் பாருங்கள், வழி ஒன்றுதான்.

விலை ஏறக்குறைய மூன்று மடங்கு. வரக்காபி குடிப்பவருக்கு அந்தக் காசுக்கு உரியது கிடைக்கும். பாலும் சர்க்கரையும் சேர்த்து டவராவில் ஆற்றிக் குடிப்பவர் கொடுக்கும் கூடுதல் காசில் பெரும்பகுதி பாலுக்குள் முங்கிப் போகும். அவர் செலவழிக்க வேண்டிய இடம் வேறு.

முதலில் டம்ளர் கணக்கு. ஃபில்டரில் ஒரு டம்ளருக்கு 10 கிராம் பொடி. 220 ரூபாய்ப் பொடியில் அது 8 ரூபாய் 80 காசு, 650 ரூபாய்ப் பையில் 26 ரூபாய். ஒரு வீட்டில் தினம் நாலு டம்ளர் என்றால் மாதம் 1,200 கிராம் பொடி. ஒன்றில் 1,056 ரூபாய், மற்றதில் 3,120. மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு டம்ளர் என்றால் அதே வித்தியாசம் மாதத்துக்கு 140 ரூபாய்க்குள் அடங்கிவிடும். "கட்டுப்படியாகுமா" என்ற கேள்விக்குப் பாதி பதில் எத்தனை டம்ளர் என்பதில் இருக்கிறது. ஏசி போட்ட கடையில் ஒரு கப்புக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் 26 ரூபாய் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். அந்த ஒப்பீடு உதவாது. அங்கே நாற்காலிக்கும் சேர்த்துத்தான் காசு.

அந்த 650 எதற்குப் போகிறது? பழத்திலிருந்து பார்ப்போம். ஐந்தாறு கிலோ பழம் சேர்ந்தால்தான் ஒரு கிலோ பச்சைக் கொட்டை. வறுக்கும்போது நீரும் வாயுவும் போய் 15 முதல் 20 சதவீதம் எடை குறையும். ஆக, ஒரு கிலோ வறுத்த கொட்டைக்கு ஆறேழு கிலோ பழம் வேண்டும். கொத்தாக உருவிப் பறித்தால் பச்சைக் காயும் கலந்து வரும். பழுத்ததை மட்டும் பொறுக்கிப் பறித்தால் அதே செடிக்கு மூன்று நாலு தடவை ஆள் போக வேண்டும். பொறுக்கிப் பறிக்க கிலோ பழத்துக்கு 10 ரூபாய் கூடுதலாகச் செலவாகிறது என்று வையுங்கள். ஒரு கிலோ வறுத்த கொட்டையில் அது 65 ரூபாய், உங்கள் 250 கிராம் பையில் 16 ரூபாய். நல்ல பறிப்புக்கான கூலி பை விலையில் இவ்வளவு சிறிய பங்குதான். மீதி வித்தியாசம் சின்னச் சின்ன ஈடாக வறுப்பது, வால்வு பை, கூரியர், கடை வாடகை, லாபம் என்று பிரிந்து போகிறது. அதெல்லாம் வீண் என்று சொல்லவில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இன்னொரு செலவும் உண்டு. இங்கே அராபிகா நவம்பரில் பழுக்கத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை அப்போது முடிந்திருக்காது. தோலை நீக்கி, வழுவழுப்பு போக ஒன்றரை நாள் போல ஊறவைத்துக் கழுவிய கொட்டையைக் களத்தில் நாலு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மணிக்கொரு தரம் கிளறி, ஈரப்பதம் 10 சதவீதம் வரும்வரை காய வைக்க வேண்டும். நல்ல வெயிலில் ஒரு வாரம், பத்து நாள். நடுவில் மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், விட்டதும் உடனே திறக்க வேண்டும். மூடியே கிடந்தால் பூசணம் பிடித்து காபியில் மண் வாடை, சாக்கு வாடை ஏறும். அந்த வாடையை எவ்வளவு நன்றாக வறுத்தாலும் போக்க முடியாது. கருக்க வறுத்து மறைக்கலாம், அவ்வளவுதான். தரைக்கு மேலே உயர்த்திய கட்டிலும் நிழல்கூரையும் வைத்துக் காயவைக்கும் தோட்டம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் நியாயமே. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்ற கதை பல பைகளின் முதுகில் இருக்கும். கதை உண்மைதான். 200 வருஷ வரலாறு இந்த வருஷக் கொட்டையைக் காயவைக்காது.

அடுத்து, பையில் இருக்கும் பெரிய வார்த்தைகள். "பிளான்டேஷன் ஏ" என்றால் கழுவிப் பதப்படுத்திய அராபிகா, 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் அளவு. "பி" என்றால் 6 மில்லிமீட்டர். "ஏஏ" என்றால் 7.1. இவை முக்கியமாகக் கொட்டையின் அளவையே சொல்கின்றன, ருசியின் மதிப்பெண் இல்லை. ஒரே தோட்டத்து ஏ-யும் பி-யும் ஒரே நாளில் பறித்ததாக இருக்கலாம். பி மலிவாகக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு பி வாங்கலாம். "பீபெர்ரி" என்பது இரண்டு கொட்டை இருக்க வேண்டிய பழத்தில் ஒன்று மட்டும் உருண்டையாக விளைவது. உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது சீராக உருண்டு நிறம் ஏறும். அதற்கு மேல் அதில் மந்திரம் இல்லை. "பீபெர்ரி பாதி, பிளான்டேஷன் பாதி" என்பது தமிழ்நாட்டுக் காபிக் கடைகளின் பழைய கலவை. அதன் மதிப்பில் ஒரு பங்கு பழக்கத்துக்கு. "100 சதவீதம் அராபிகா" என்பதும் தரச் சான்று இல்லை. பூச்சி துளைத்த கொட்டையும் கருத்த கொட்டையும் அராபிகாவிலும் உண்டு. உடைசலும் கருப்புமாகக் கழித்த ரகமும் சந்தைக்கு வருகிறது. அரைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. "சிங்கிள் எஸ்டேட்" என்றால் எங்கிருந்து வந்தது என்று தெரியும், அவ்வளவுதான். "ஸ்பெஷாலிட்டி" என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு அளவுகோல் உண்டு: பயிற்சி பெற்றவர்கள் சுவைத்து 100-க்கு 80 அல்லது மேல் கொடுத்திருக்க வேண்டும். பையில் மதிப்பெண்ணைப் போட்டிருந்தால் நல்லது. சொல் மட்டும் இருந்தால், கேளுங்கள்.

ரோபஸ்டா என்ற இன்னொரு காபி வகையின் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். இந்தியாவில் விளையும் காபியில் ஏறக்குறைய 70 சதவீதம் அதுதான். கழுவிப் பதப்படுத்திய ரோபஸ்டா நூற்றுக்கு இருபது சேர்ந்தால் பால் காபிக்கு நாக்கில் ஒரு கனம் வரும், நுரை நிற்கும். அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபின் அதில் இருப்பதால் ராத்திரி காபிக்கு மட்டும் யோசிக்கலாம்.

சிக்கரி விஷயத்தில் நிறையப் பேர் கணக்கில் ஏமாறுகிறார்கள். சட்டப்படி, சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் அளவும் பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள். 60க்கு 40 கலவை கிலோ 620 ரூபாய் என்று வையுங்கள். சிக்கரி கிலோ 200 என்றால் 400 கிராமுக்கு 80 ரூபாய். மீதி 540 ரூபாய் 600 கிராம் காபிக்கு. கிலோ 900 ரூபாய் கணக்கு. கலக்காத 880 ரூபாய்ப் பொடியைவிட நீங்கள் காபிக்கு அதிகம் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் சிக்கரியில் பாதிக்கு மேல் வெந்நீரில் கரையும், காபியில் மூன்றில் ஒரு பங்குகூடக் கரையாது. அதனால் கலவைப் பொடி குறைவாகப் போட்டாலும் டிகாஷன் கருப்பாக, கெட்டியாக வரும். கருப்பைக் காபி என்று நினைத்துப் பழகிய கண்ணுக்கு சுத்தக் காபி "தண்ணியா இருக்கே" என்று படும். விலை உயர்ந்த பொடியை வாங்கி முதல் நாளே ஏமாந்துபோகிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

லேபிள் இல்லாத கவர் வாங்கியிருந்தால் ஒரு சோதனை. கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் நிரப்பி, ஒரு டீஸ்பூன் பொடியை மேலே மெதுவாகத் தூவுங்கள். கிளறக் கூடாது. காபித் தூளில் எண்ணெய் இருப்பதால் மேலேயே மிதக்கும். சிக்கரி சில நொடியில் இறங்கத் தொடங்கி, பின்னாலேயே பழுப்பு நூல் மாதிரி சாயத்தை இழுத்துக்கொண்டு போகும். ரொம்ப நைசாக அரைத்த காபியும் கொஞ்சம் மூழ்கும். கவனிக்க வேண்டியது அந்தச் சாய நூலை.

கொட்டையாக வாங்கினால் சோதனை இன்னும் சுலபம். 100 கிராம் வறுத்த கொட்டையை வெள்ளைத் தாளில் ஒரே அடுக்காகக் கொட்டிப் பரப்புங்கள். சுமார் 700 கொட்டை இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பத்து நிமிஷம் பாருங்கள். எல்லாம் சாக்லேட் நிறமாக இருக்க, நடுநடுவே நிலக்கடலைத் தோல் நிறத்தில் சில வெளுத்து நிற்கும். அவை பழுக்காத காயிலிருந்து வந்தவை. உள்ளே சர்க்கரை சேராததால் எவ்வளவு சூட்டிலும் நிறம் ஏறாது. ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள்: வறட்டுக் கடலை, காகிதம் மாதிரி ருசி. பக்கத்திலிருக்கும் நல்ல கொட்டையைக் கடியுங்கள், வித்தியாசம் பல்லிலேயே தெரியும். ஸ்பெஷாலிட்டி அளவுகோலில் 100 கிராமில் இப்படி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பத்துப் பதினைந்து பொறுக்க முடிந்தால், 650 கொடுத்து உருவிப் பறித்த பழத்தை வாங்கியிருக்கிறீர்கள். குண்டூசி குத்திய மாதிரி ஓட்டை இருந்தால் பூச்சி. ஓரம் மட்டும் கருகி நடு வெளுத்திருந்தால் வறுத்தவர் அவசரப்பட்டிருக்கிறார். மேலெல்லாம் எண்ணெய் மினுங்கினால் ஒன்று கருக்க வறுத்தது, இல்லை வறுத்து நாளானது. எண்ணெய் மினுக்கைத் தரம் என்று காட்டி விற்கிறவர்களும் உண்டு.

இனி, பாலோடு குடிக்கிறவர் காசு போட வேண்டிய இடம். அது காபி புதுசாக இருப்பது. வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு அடைபட்டிருக்கும். முதல் மூன்று நாலு நாள் அது வேகமாக வெளியேறும். அந்த நாட்களில் டிகாஷன் இறக்கினால் பொடி பொங்கிப் பொங்கித் தண்ணீரை உள்ளே விடாது. ஐந்தாம் நாளிலிருந்து ஒரு மாதம் வரை கொட்டை நன்றாக இருக்கும். பொடி ஆக்கிவிட்டால் கதை வேறு. காற்று படும் பரப்பு எத்தனையோ மடங்கு ஆகிவிடும். மணம் முதல் மணிநேரத்திலேயே போகத் தொடங்கும், இரண்டு வாரத்தில் மீதி இருப்பது கசப்பும் நிறமும். போன வாரம் வறுத்த சாதாரண பிளான்டேஷன் பி, நாலு மாதத்துக்கு முன் பொடித்து அடைத்த பிரீமியம் பையைப் பால் காபியில் சாதாரணமாக ஜெயிக்கும். வால்வு பை காற்றை உள்ளே விடாமல் வாயுவை வெளியே அனுப்பும். ஆனால் பொடியாக அடைத்த பிறகு அது பாதி காவல்தான். பையில் "பேக் செய்த தேதி" மட்டும் இருந்தால் போதாது, வறுத்த தேதி வேண்டும். வறுத்து இரண்டு மாதம் கிடங்கில் கிடந்ததை நேற்று அடைத்திருக்கலாம்.

சேலத்தில் கண்ணெதிரே அரைத்துத் தரும் கடைகள் இன்னும் இருப்பது பெரிய வசதி. அங்கே இரண்டு விஷயம் கவனியுங்கள். அரைக்கும் மெஷினுக்குள் முன்னால் வந்தவரின் பொடி 50 கிராமாவது ஒட்டியிருக்கும். அவர் சிக்கரிக் கலவை வாங்கியிருந்தால் உங்கள் சுத்தக் காபியில் அது வரும். முதல் ஒரு கைப்பிடியைத் தனியாக எடுக்கச் சொல்லுங்கள், கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறும், பரவாயில்லை. இரண்டாவது, அரைத்து வரும் பொடி சூடாக இருக்கும். சூட்டோடு பாலிதீனில் கட்டினால் உள்ளே வேர்த்து, இரண்டே நாளில் மக்கு வாடை வரும். தாளில் பத்து நிமிஷம் ஆறவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். 250 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பா போதும், அடுப்பு பக்கத்தில் வைக்காமல். ஃபிரிட்ஜில் வைத்துத் தினம் எடுத்து எடுத்து வைப்பது மோசம், வெளியே எடுத்ததும் பொடியில் ஈரம் இறங்கும்.

வீட்டிலேயே அரைப்பதாக இருந்தால் மிக்ஸி வேண்டாம். பிளேடு கொட்டையை வெட்டி எறிவதால் பாதி மாவும் பாதி ரவையுமாக வரும். மாவு ஃபில்டரை அடைக்கும், ரவை சாறு விடாது. இரண்டு பல் சக்கரங்களுக்கு நடுவே கொட்டையை நொறுக்கி அரைக்கும், கையால் சுற்றும் பர் கிரைண்டர் ஒன்றில் ஒரு தடவை போடும் காசு, மாதா மாதம் விலை உயர்ந்த பை வாங்குவதைவிட அதிகம் மாற்றம் தரும் என்பது என் கணிப்பு.

பால் ஏன் வித்தியாசத்தை விழுங்குகிறது? பாலின் புரதம் காபியின் துவர்ப்புச் சத்துகளைப் பிடித்துக்கொள்ளும், கொழுப்பு மணத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. ஆரஞ்சு ஊற்றினால் நாக்கில் முதலில் பால்தான் பேசும். இளவறுப்புப் பிரீமியத்தில் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் ருசி பெரும்பாலும் மெல்லிய புளிப்பு. கமலா ஆரஞ்சுச் சுளையைக் கடித்த மாதிரி, மலையின் குளிரில் மெதுவாகப் பழுத்த பழத்துக்கே வருவது. பாலில் அது ஒன்று காணாமல் போகும், இல்லை "பால் கெட்டுப் போச்சா" என்று கேட்க வைக்கும். காலையில் வாங்கிய பால் சாயங்காலம் கொஞ்சம் களைத்திருந்தால் அந்தப் புளிப்புக்கு உண்மையிலேயே திரிந்தும் போகும். பால் காபிக்கு மிதமாகவோ அதைவிட ஒரு படி கூடுதலாகவோ வறுத்த கொட்டைதான் சரி. இளவறுப்பு வரக்காபிக்கு.

சுத்தக் காபியை ஃபில்டரில் இறக்கும் முறையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். சிக்கரி ஊறி உப்பித் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும். அது இல்லாததால் தண்ணீர் சடசடவென்று இறங்கிவிடும். இரண்டு டம்ளருக்கு 20 கிராம், சிக்கரிக் கலவைக்கு அரைப்பதைவிட ஒரு பிடி நைசாக. மேல் பாத்திரத்தைப் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிப் பொடியைச் சமமாக்கி, குடைத்தட்டை அழுத்தாமல் சும்மா உட்கார வையுங்கள். முதலில் 40 மில்லி வெந்நீரைச் சுற்றி ஊற்றி அரை நிமிஷம் விடுங்கள். பொடி நனைந்து மேலெழும்பும். எழும்பவே இல்லை என்றால் பொடி பழசு, பையில் என்ன தேதி போட்டிருந்தாலும். பிறகு 75 மில்லி ஊற்றி மூடுங்கள். பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும், கீழே 75 மில்லி டிகாஷன் நிற்கும். பதினைந்து முதல் இருபது நிமிஷத்தில் இறங்கினால் அரைப்பு சரி. நாலு நிமிஷத்தில் இறங்கிவிட்டால் கரகரப்பு அதிகம். முக்கால் மணியாகியும் சொட்டிக்கொண்டிருந்தால் மாவு அடைத்திருக்கிறது. கரண்டியால் குத்தாதீர்கள், மூடியைத் திறந்து, ஃபில்டரை லேசாகத் தூக்கி ஒருமுறை தட்டினால் ஓட்டைகளுக்கு அடியில் சிக்கிய காற்று விலகி மறுபடி சொட்டும். இருபது நிமிஷத்தில் டிகாஷன் ஆறியிருக்கும். அதை அடுப்பில் வைக்காமல் பாலை நன்றாகக் காய்ச்சி ஊற்றுங்கள். விலை அதிகம் என்பதால் இரண்டாம் டிகாஷன் இறக்கிக் கணக்கை நேர் செய்ய ஆசை வரும். வருவது கசப்பு மட்டும்.

தண்ணீரின் சூடு மலையிலும் கீழேயும் ஒன்றில்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், கொதித்ததும் அப்படியே ஊற்றலாம். சேலத்தில் 99 டிகிரி. கருக்க வறுத்த பொடியில் உடனே ஊற்றினால் கசப்பு தூக்கும், அடுப்பை அணைத்து ஒரு நிமிஷம் பொறுங்கள். மலையில் குடித்த அதே காபி வீட்டில் அப்படி வரவில்லை என்பதற்கு ஒரு காரணம் இது. பெரிய காரணம் தண்ணீரின் உப்பு. போர் தண்ணீரில் கரைந்த உப்புகள் காபியின் புளிப்பைச் சாகடித்துவிடும். 650 ரூபாய்க் காபி சுண்ணாம்பு கலந்த மாதிரி மழுங்கி நிற்கும். ஆர்.ஓ. தண்ணீர் மறுகோடி, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) 20, 30 என்றால் காபி மெலிந்து முள்ளாகக் குத்தும். மேட்டூர் தண்ணீர் வரும் வீட்டில் அதையே வடிகட்டிக் காய்ச்சிப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீரில் கொஞ்சம் போர் தண்ணீரைக் கலந்து டிடிஎஸ் 100 பக்கம் கொண்டுவாருங்கள். பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். போர் தண்ணீரில் பிரீமியம் காபி போடுவது, மண்ணெண்ணெய் ஊற்றிய சட்டியில் நெய் தோசை வார்ப்பது மாதிரி.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதா வேண்டாமா என்று சந்தேகம் இருந்தால் நாக்கையே நீதிபதியாக்கலாம். பிரீமியம் கொட்டையும் உங்கள் வழக்கமான கொட்டையும் தலா 100 கிராம் எடுத்து, ஒரே நாளில், ஒரே அளவில் அரையுங்கள். ஒரே கிராம், ஒரே தண்ணீர், ஒரே நேரம். கெட்டித்தனம் மாறினால் நாக்கு தரத்தை விட்டுவிட்டுக் கெட்டித்தனத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே மாதிரி மூன்று டம்ளர். அடியில் எண் ஒட்டி, இரண்டில் ஒரே காபி, ஒன்றில் மற்றது. ஊற்றுகிறவர் வேறு, குடிக்கிறவர் வேறு. குடிக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு, எது தனி என்று சொல்ல வேண்டும். எது நன்றாக இருக்கிறது என்ற கேள்வியை முதலில் கேட்கவே கூடாது. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றுக்கு ஒன்று சரியாக வரும் என்பதால் ஐந்து சுற்று வையுங்கள். நாலு அல்லது ஐந்து சரி என்றால் அது தற்செயலாக நடக்க நூற்றுக்கு ஐந்துகூட வாய்ப்பில்லை. முதலில் வரக்காபியாக ஐந்து சுற்று, மறுநாள் பால் சர்க்கரையோடு ஐந்து சுற்று. வரக்காபியில் பிடித்து, பால் காபியில் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம் என்று எதிர்பார்க்கலாம். அப்படி வந்தால் உங்களுக்கு இரண்டு டப்பா வேண்டும், ஒரே டப்பாவில் எல்லாவற்றையும் தேடக் கூடாது. இரண்டிலும் தவறினால் இரண்டாயிரம் மிச்சம், அதில் வெட்கப்பட ஏதுமில்லை. சூடாக ஒரு வாய், ஆறிய பிறகு ஒரு வாய் என்று குடியுங்கள். மண் வாடையும் சாக்கு வாடையும் ஆறின பிறகுதான் தலைகாட்டும்.

விலைப்பட்டியலின் உச்சியில் இருக்கும் சிலவற்றைப் பற்றிச் சுருக்கமாக. மரநாய் தின்று கழித்த கொட்டை: கூண்டில் அடைத்துப் பழம் திணிக்கும் வியாபாரமாக அது மாறியது ஊரறிந்த விஷயம், ருசிக்காக வாங்க ஒரு காரணமும் இல்லை. காற்றில்லாமல் புளிக்கவைத்தது என்று எழுதியிருக்கும் பைகள்: திறந்ததும் பலாப்பழமும் திராட்சை ரசமும் சேர்ந்த வாசனை அடிக்கும். வரக்காபியில் ஒரு தடவை குடித்துப் பார்க்க வேண்டியதுதான், பால் ஊற்றவே கூடாது. மழைக்காற்றில் ஊதவைத்த மலபார் கொட்டை புளிப்பு குறைந்து கனமாக இருக்கும். பாலுக்குக் கொஞ்சம் விலை கூடக் கொடுத்து வாங்குவதானால் என் ஓட்டு அதற்கு.

பால் காபி வீட்டுக்கு நான் சொல்வது: மிதமாக வறுத்த பிளான்டேஷன் பி எண்பது பங்கு, கழுவிய ரோபஸ்டா இருபது பங்கு, பதினைந்து நாளுக்கொரு தரம் புதிதாக. சிக்கரி இல்லாமல் முடியாது என்றால் நூற்றுக்குப் பத்து, அதுவும் தனியாக வாங்கி நீங்களே கலந்துகொள்ளுங்கள். விலை உயர்ந்த பை வரக்காபிக்கு மட்டும், மாதம் ஒன்று.

அந்த ஒரு பையையும் எப்போது வாங்குகிறீர்கள் என்பது முக்கியம். நவம்பரில் தொடங்கும் பறிப்பு ஜனவரி, பிப்ரவரியில் முடிந்து, கொட்டை காய்ந்து, கியூரிங் ஆலைக்குப் போய்த் தோல் உரிந்து, தரம் பிரிந்து வர மார்ச், ஏப்ரல் ஆகிவிடும். தோட்டத்தில் செடியைப் பூக்கவைக்கும் மழை பெய்து வெள்ளைப் பூ வாசனை அடிக்கும் சமயம்தான் போன பழத்தின் புதுக் கொட்டை கடைக்கு வரும் சமயம். அக்டோபரில் வாங்கும் பை, நேற்று வறுத்ததாகவே இருந்தாலும், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு முந்தைய பழம். பச்சைக் கொட்டை சாக்கில் அவ்வளவு நாள் கிடந்தால் முதலில் புளிப்பின் துள்ளல் போகும், பிறகு மரப்பட்டை ருசி ஏறும். அதனால் வறுத்த தேதியோடு "இது எந்த வருஷத்துப் பழம்?" என்றும் கேளுங்கள். பறித்த மாதத்தையும் தோட்டத்தையும் சட்டென்று சொல்கிற கடையில் 650 கொடுக்கலாம். "எல்லாம் ஏற்காடு எஸ்டேட்தான் சார்" என்று பதில் வந்தால், பக்கத்துக் கடையில் கால் கிலோ மிளகு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுங்கள்.